சூடு எங்கே தொலைகிறது? – ஒரு வெந்நீர்க் கணக்கு



வரி, விலை, எடைக்கல் என்று எழுதி வருகிற இந்த இதழில் குளியலறைச் சங்கதிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். விடியற்காலையில் குளித்துவிட்டுக் கடை திறக்கிறவர்கள் நாம். செப்புத் தவலையும் விறகடுப்பும் போய், நம்மில் பலர் வீட்டில் கீசர் வந்துவிட்டது. அது சூடு தராவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நான் பட்ட பாடு மற்றவர்களுக்கு வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

போன மார்கழியில் மகள் பேறுகாலம் முடிந்து கைக்குழந்தையோடு திருமானூர் வீட்டில் இருந்தாள். கொள்ளிடக் கரைப் பனி உங்களுக்குத் தெரியும். ஷவரைத் திறந்தால் வெதுவெதுப்பு. எத்தனை நேரம் காத்திருந்தாலும் அதே வெதுவெதுப்பு. கீசர் மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்பவர். மறுநாள் சாமான் வாங்க வந்தவரை, நாலு பேர் எதிரில், "மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாயே" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

முதலில் மெயினை அணைத்தார். கீசருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை மூடினார். பிறகு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்தார். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் நிற்கவில்லை.

"ஐயா, கீசரை அடைச்சாச்சு. அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

எங்கள் வீட்டில் ஒரே கீசர், இரண்டு குளியலறை. அடுத்த அறையில் கைஷவரின் பொத்தானை மட்டும் அடைத்துவிட்டு, மிக்ஸரின் இரண்டு திருகையும் திறந்தே விட்டிருந்தோம். அந்த வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து வந்திருக்கிறது. இரண்டையும் மூடியதும் ஆவி பறந்தது. செலவு காலணா இல்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய் சுத்தம்தான். கலப்படம் வழியில் நடந்திருக்கிறது! மிக்ஸரின் உள்வாஷர் தேய்ந்து போனாலும் இதே கோளாறு வரும் என்றார்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மற்றக் காரணங்களையும் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. 3 லிட்டர், 3,000 வாட் உடனடி கீசரை வாங்கி ஷவரில் இணைப்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் அது 8 அல்லது 9 டிகிரிதான் சூடேற்ற முடியும். தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்றால் 33-க்கு மேல் போகாது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி. அது பழுதல்ல, கணக்கு. குழாயைச் சிறுத்து 2 லிட்டராக விட்டு வாளியில் பிடித்தால் 45 டிகிரி வரை கிடைக்கும். ஷவர்தான் வேண்டும் என்றால் 25 லிட்டர் கீசர் வாங்குங்கள்.

இரண்டாவது, மின்னழுத்தம். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் கீசருக்கு அது அரை மணி நேர வேலை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், அதே கீசர் 1,225 வாட்டுக்குத்தான் வேலை செய்யும். 50 நிமிடம் ஆகும். அரை மணியில் திறந்துவிட்டுக் கீசரைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். போட்ட ஐந்து பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருந்தால், திருகைக் குறைத்து வைத்திருக்கிறோம் அல்லது தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது.

நான்காவது, குழாய் மாற்றம். பச்சைத் தண்ணீர் கீசரின் அடியில் சேர வேண்டும். வெந்நீர் மேலிருந்து வெளியேற வேண்டும். பிளம்பர் இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால், கலங்கிய வெதுவெதுப்புதான் வரும்.

ஐந்தாவது, சுண்ணாம்பு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் வந்ததே பூமிக்கடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லால்தான். அந்த நிலத்தில் ஊறிய போர் தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிவது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கீசர் காயிலிலும் அதே உப்பு ஓடாகப் படியும். ஓடு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே எரித்துவிடும். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் வருடம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மிக்ஸரையும் வால்வையும் நாம் சோதிக்கலாம். மூடியைத் திறந்து காயிலைத் தொடுவது நம் வேலை அல்ல. கீசருக்குத் தனி 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் கட்டாயம். பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள்; உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற இருக்கும் வழி அது. வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லையென்றால், அடுத்த செலவு அதுவாகவே இருக்கட்டும்.

மறுநாள் அந்தத் தம்பி கடைக்கு வந்தபோது, திட்டிய அதே இடத்தில் நின்று, இருந்தவர்கள் காதில் விழும்படி, "தப்பு என்னுடையது தம்பி, உன் சரக்கில் குறையில்லை" என்று சொன்னேன். நாற்பது வருடமாக மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு மட்டம் என்று நான் சொன்னதில்லை. ஒரு மனிதன் விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை மறந்துவிட்டேன். வெந்நீர் குறைந்தால் வால்வை மூடிப் பார்க்கலாம். வாய் தவறி விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க எந்த வால்வும் கிடையாது.