ஒரு வேர், இரு கிளை



பள்ளிக்கு மட்டம் போடும் மாணவனை ஆங்கிலத்தில் 'ட்ரூவன்ட்' என்கிறோம். கடுமை தொனிக்கும் இச்சொல்லின் பூர்வீகம் எது?

இன்றைய பிரான்சு நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் காலியர் என்ற கெல்டிக் மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் மொழி ஐரிஷ் மொழிக்கு உறவுமொழி. கி.மு. 58 முதல் 50 வரை நடந்த போர்களில் உரோமர் அந்நாட்டை வென்றனர். நாளடைவில் இலத்தீன் மேலோங்கியது. காலிய மொழி மறைந்தது. எனினும் அதன் சொற்கள் சில பிரெஞ்சு மொழியில் தங்கிவிட்டன. அவற்றுள் ஒன்று 'த்ருவான்' என்பர் மொழிநூலார்.

இடைக்காலத்தில் அதற்குப் பிச்சைக்காரன் என்பது பொருள். பின்னர், பிச்சை எடுப்பவன் ஏமாற்றுக்காரன் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. இன்றைய பிரெஞ்சில் அது குற்றக் கும்பலைச் சேர்ந்தவனைக் குறிக்கிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அது ஆங்கிலத்திலும் புகுந்தது. சோம்பேறிப் பிச்சைக்காரனைச் சுட்டிய அச்சொல், 15ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது.

அயர்லாந்திலோ 'த்ரூஅ' என்றால் இரக்கம். 'த்ருவான்' என்றால் இரங்கத்தக்க எளியவன். வேர் ஒன்றே. ஓரிடத்தில் அது வசையாயிற்று. மற்றோரிடத்தில் இரக்கமாகவே நின்றது.

ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை வரவில்லை எனக் குறிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நோயா? தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லையா? காலணி கிழிந்துவிட்டதா? முதலில் கேட்போம், கண்டிப்பு பிறகு இருக்கட்டும்.