சீராக ஏறும் சீழ்க்கை

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலை ஏறும்போது, எதிரே பாறைச் சரிவு தெரிகிற இடத்தில் நின்று ஒரு கூவல் கூவுங்கள். ஒரு நொடி கழித்து எதிரொலி வந்தால், பாறை சுமார் 170 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். போக அரை நொடி, வர அரை நொடி.

இனி சீழ்க்கை அடியுங்கள். நிறுத்தாமல், சுருதியை ஒரே சீராக ஏற்றுங்கள். நொடிக்கு 100 ஹெர்ட்ஸ் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். திரும்பி வருவது ஒரு நொடி பழைய சீழ்க்கை. ஆகவே உங்கள் இப்போதைய சுருதியைவிட 100 ஹெர்ட்ஸ் தாழ்ந்திருக்கும். 200 தாழ்ந்திருந்தால் பாறை 340 மீட்டரில்! கடிகாரம் பார்க்காமலே தூரம் தெரிந்துவிட்டது, எவ்வளவு அழகு!

ஒளியின் அதிர்வெண்ணும் இப்படிச் சேதி சொல்லும். 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 லேண்டரில், திரும்பி வரும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்த்து வேகத்தை அறியும் கருவி ஒன்று இருந்தது.  

வேகத்தை மட்டுமல்ல, தூரத்தையும் அளக்க வேண்டுமானால் லேசரின் அதிர்வெண் சீழ்க்கைபோலச் சீராக ஏற வேண்டும். இதற்குப் பயன்படும் லேசர், கல் உப்பைவிடச் சிறிய குறைகடத்திச் சில்லு. மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடாகி, ஒளியின் அதிர்வெண் இறங்கும், குறைத்தால் ஏறும். சிக்கல் அந்தச் சூட்டில்தான். அடுப்பைத் தணித்ததும் தோசைக்கல் ஆறிவிடுகிறதா? சில்லும் அப்படியே, கொஞ்சம் பிந்தும். நாம் மின்னோட்டத்தை நேர்கோடாக மாற்றினாலும் அதிர்வெண் வளைந்து வளைந்து போகும். அப்போது ஒரே பாறைக்கு 100, 97, 104 என்று வித்தியாசம் ஆடும். தூரம் கலங்கிப்போகும். தொலைவு கூடக் கூடக் கலக்கமும் கூடும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். லேசர் ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து, நீளம் தெரிந்த கண்ணாடி இழைச் சுருளுக்குள் ஓடவிடுகிறார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு பொய்ப் பாறை! அதன் தூரம் மாறாது. ஆகவே அதன் வித்தியாசமும் மாறக் கூடாது. ஆடினால் தப்பு லேசரின் ஏற்றத்தில்தான். உடனே மின்சுற்று அந்த ஆட்டத்தைப் பார்த்து, மின்னோட்டத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ, பொய்ப் பாறையின் வித்தியாசம் ஒரே அளவில் நிற்கும்வரை திருத்திக்கொண்டே இருக்கும்.