உழைக்கும் உடலின் மூட்டுகள்

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. நாவின் அடியில் அமைந்த நாவடி எலும்பு ஒன்று நீங்கலாக, ஏனைய ஒவ்வொன்றும் வேறோர் எலும்புடன் மூட்டு ஒன்றினால் இணைக்கப்பட்டிருக்கிறது. எலும்பு வளையாது, தசை சுருங்கவும் தளரவும் மட்டுமே அறியும். இவ்விரண்டின் ஆற்றலையும் நடையாகவும் குனிதலாகவும் பிடிப்பாகவும் மாற்றித் தருபவை மூட்டுகளே.

எல்லா மூட்டுகளும் அசைபவை அல்ல. மண்டையோட்டின் எலும்புகள் தையலிட்டாற்போல் பற்களால் கோத்து நிற்கின்றன. முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கிடையே வட்டுகள் அமைந்து சிறிதளவே அசைய இடந்தருகின்றன. தாராளமாக அசையும் மூட்டுகளிலும் வகைகள் பல. தோளிலும் இடுப்பிலும் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு. முழங்கையில் இருப்பது கதவின் கீல் போன்றது. கழுத்தின் முதல் முள்ளெலும்பு இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புவதால்தான் தலையை இருபுறமும் அசைத்து மறுக்க முடிகிறது. கட்டைவிரலின் அடியிலுள்ள சேண மூட்டோ தனிச் சிறப்புடையது. கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடுவதற்கு அதுவே காரணம். அரிவாளும் எழுதுகோலும் கையில் நிற்பது அதனால்தான்.

அசையும் மூட்டின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சுற்றி உறை ஒன்று உண்டு. அதன் உட்சவ்வு சுரக்கும் பிசுபிசுப்பான நீர் உயவு எண்ணெய் போலப் பணியாற்றுகிறது. பெரிய மூட்டான முழங்காலில்கூட இந்நீர் சில மில்லிலிட்டர் அளவே இருக்கும். ஆயினும் பனிக்கட்டி மீது பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்த உராய்வில் மூட்டு இயங்குகிறது.

குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. அப்படியாயின் அதற்கு உணவு எவ்வாறு கிட்டுகிறது? கால் ஊன்றும்போது அது கடற்பஞ்சுபோல அழுந்தி நீரை வெளியிடுகிறது. எடை நீங்கியதும் மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்நீரில் கரைந்துள்ள சத்துகளே அதன் உணவு. ஆகவே அளவான அசைவு மூட்டுக்குத் தேய்மானம் அன்று, ஊட்டமேயாகும். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கும் நம்மைப் போன்றோர் இதைக் கருத்திற் கொள்வது நல்லது. இரத்த ஓட்டமும் நரம்பும் இல்லாமையால் வேறிரு விளைவுகளும் உண்டு. சேதமுற்ற குருத்தெலும்பு தானாக ஆறுவது அரிது. தேய்வின் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை. வலி தோன்றும்போது தேய்வு பெரும்பாலும் முற்றியிருக்கும்.

முழங்காலைச் சற்று விரிவாகக் காண்போம். தொடையெலும்பின் உருண்ட முனைகள் இரண்டு, கீழ்க்காலெலும்பின் ஏறத்தாழத் தட்டையான தலையின்மீது அமர்ந்திருக்கின்றன. இப்பொருந்தாமையை ஈடுசெய்யப் பிறைவடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இடையே உள்ளன. பெருக்கற்குறிபோல் குறுக்கிட்டுச் செல்லும் இரு பிணைநார்கள் எலும்புகள் முன்பின் நழுவாமல் தடுக்கின்றன. முழங்காற்சில்லு ஒரு கப்பியைப் போன்றது. தொடைத் தசையின் இழுவிசைக்கு அது வலுக்கூட்டுகிறது. காலை முழுதும் நீட்டி நிற்கையில் இறுதியில் சிறு திருகல் ஒன்று ஏற்பட்டு மூட்டு பூட்டிக்கொள்கிறது. எனவேதான் மிகுந்த தசை முயற்சியின்றி நெடுநேரம் நிற்க இயலுகிறது.

சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலின் மீது உடலெடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. படியேறும்போதும் குந்தி எழும்போதும் அது மேலும் கூடுகிறது. நம் நாட்டு உழைப்பின் பெரும்பகுதி குந்தியும் குனிந்தும் செய்யப்படுவது. களை பறிப்பவர், தரை பூசும் கொத்தனார், பீடி சுற்றுபவர், அடுப்பின் முன் அமரும் இல்லத்தரசி ஆகிய எல்லோருக்கும் முழங்காலே முதற்கருவி. உழவு எந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கிட்டு நிகர உற்பத்தியைக் காணும் முறையைப் பொருளியல் பயின்றோர் அறிவர். நாற்று நடும் பெண்ணின் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்கணக்கில் பத்தி இல்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் முழங்கால் மடங்க மறுப்பது வருவாய் நிற்பதற்கு ஒப்பாகும்.

முற்றிய தேய்வுக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை மருத்துவம் உண்டு. அதற்கான உள்வைப்புகளின் விலை நெடுங்காலம் எளியோருக்கு எட்டாததாக இருந்தது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்-குரோமியம் வகை முழங்கால் உள்வைப்புக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என அப்போது வரையறுக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க நடவடிக்கை. எனினும் செயற்கை மூட்டுப் பெற்றவர்கள் பலர் முன்போல் தரையில் குந்தி அமர இயலுவதில்லை. நாற்காலியில் அமர்ந்து வாழ்பவருக்கு இது சிறு குறை. வயலில் உழைப்பவருக்கு அவ்வாறன்று.

மூட்டுகளை முடக்குவது தேய்வு மட்டுமன்று, குடிநீரும் முடக்கும். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்தால் அது எலும்புகளில் படிகிறது. பிணைநார்கள் சுண்ணமேறிக் கெட்டியாகின்றன. முதுகு மரம்போல் விறைத்து, கழுத்தைத் திருப்பவும் இயலாத நிலை உண்டாகிறது. இதனை மீட்கும் மருந்து இல்லை. நம் நாட்டில் இந்நோய் 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தில் கண்டு எழுதப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவு. மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் சலவைத்தூளும் சேர்த்து ஃபுளூரைடைப் படியச்செய்யும் முறையை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கியது. மிகுந்த பாதிப்புக்குள்ளான நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் அம்முறை வழங்குகிறது. அறுவை அரங்கில் செலவிடும் தொகையைவிட இத்தகைய செலவு மிகச் சிறிது என்பது என் கருத்து.

இனி முதுகு. முள்ளெலும்புகளின் இடையிலுள்ள வட்டுகள் பகலெல்லாம் எடை தாங்கி நீரை இழக்கின்றன. மாலையில் மனிதன் காலையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குள்ளமாகிறான். உறக்கத்தில் அதனை மீளப் பெறுகிறான். தலைச்சுமைத் தொழிலாளியின் வட்டுகளுக்கோ இழப்பு மிகுதி, ஓய்வு குறைவு. கேரள அரசு ஆண் தொழிலாளர் ஒருவர் தூக்கத்தக்க உச்சச் சுமையை 2021இல் 75 கிலோகிராமிலிருந்து 55 கிலோகிராமாகக் குறைத்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் 35 கிலோகிராம் என வரையறுத்தது. இவ்வரம்பு களத்தில் நிலைபெற வேண்டுமாயின் கிடங்குகளில் மூட்டைகளின் எடையும் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையைச் சட்டம் படித்துப் பாதியாகப் பிரித்துத் தூக்க எவராலும் இயலாது.