மஞ்சள் நகமும் டிஸ்சார்ஜ் சம்மரியும்

திருச்சி அரியமங்கலம் பால்பண்ணைப் பக்கம் மெடிக்கலில் நகத்தை நீட்டி, "பூஞ்சைக்கு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போகிறார்கள். பலருக்கு அது பூஞ்சையாகவே இருக்கும். ஆனால் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துகொண்டவருக்கு அதன்பின் நகம் மஞ்சளானால், விஷயம் கடைக்காரரோடு முடியக் கூடாது.

மஞ்சள் நக நோய் மிக அரிது. 1964இல் சம்மான், வொயிட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவு செய்தது. நிணநீர் ஓட்டம் கெடுவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். நெஞ்சு அறுவைக்குப் பின் வந்ததாக மருத்துவ இதழ்களில் ஒருசில பதிவுகளே உண்டு. நகங்கள் தடித்து வளையும்; வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால் நகவெட்டிக்கு வேலையே இராது. கால்கள் வீங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு வாங்கும், அல்லது சளி விடாது.

நம்மவர்களோ நகத்தைத் தோல் டாக்டரிடமும் மூச்சிரைப்பை வேறொருவரிடமும் காட்டுகிறார்கள். கால் வீக்கத்துக்கு வீட்டிலேயே தீர்ப்பு: "பைபாஸுக்கு நரம்பு எடுத்த கால்." ஒரு காலில் எடுத்ததற்கு இரண்டும் ஏன் வீங்கின? அரியமங்கலம் குப்பைக் கிடங்குக் கொசு, யானைக்கால் என்று இன்னொரு தீர்ப்பு. நகம், மூச்சிரைப்பு, கால் வீக்கம் மூன்றையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதில்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். கோத்த நீரை எடுத்துச் சோதித்தால்தான் காசநோயா, வேறா என்று தெரியும்.

புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம். வைட்டமின் ஈ, காலுக்கு இறுக்க உறை, நீர் வடித்தல் என்று சிகிச்சை உண்டு. சிலருக்கு நகம் தானாகவே தேறுவதும் உண்டு. எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும், மெடிக்கல் அல்ல.

டாக்டரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியது அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதைத்தான் தொலைத்துவிட்டு வருகிறார்கள். தொலைந்திருந்தால், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, அடையாள அட்டை நகலோடு, அறுவை நடந்த மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். அந்த மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். ஆனால் அவற்றைக் காக்க வேண்டிய கட்டாயம் 3 ஆண்டுகளுக்குத்தான். ஆகவே இன்றே கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் இழுத்தடித்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் கொடுக்கலாம். "ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்கு, அப்புறம் வாங்க" என்றால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.