எதைப் பற்றி வாதாடலாம்?

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? 'சீமைக் கருவேலம் வெளிநாட்டு மரம்' என்று எழுதினால் யார் மறுப்பார்கள்? அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. 'அது கெட்ட மரம்' என்றால்? எதை வைத்து அளப்பீர்கள்?

இப்படிக் கேளுங்கள்: 'எங்கள் ஊர்க் கண்மாயில் உள்ள சீமைக் கருவேலத்தை அடியோடு அகற்ற வேண்டுமா?' இப்போது இரு பக்கமும் ஆள் நிற்கும். வேர் ஆழமாக இறங்கி நீரை எடுக்கிறது, மற்றச் செடிகளை வளர விடுவதில்லை என்பார் விவசாயி. மூட்டம் போட்டுக் கரி விற்கும் இராமநாதபுரத்துக் குடும்பங்களோ, மழை பொய்த்த ஆண்டிலும் சோறு போட்டது இதுதானே என்பார்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டது; அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது.

காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே இம்மரம் தடுக்கிறது என்றும் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் பதில் வராது. அதை விடுங்கள். கயிற்றில் கல் கட்டி, வாரந்தோறும் கிணற்று நீர்மட்டத்தை அளவெடுங்கள். மரம் அடர்ந்த பக்கம் ஒரு கிணறு, மரமில்லாத பக்கம் அதே ஆழத்தில் ஒரு கிணறு. கரிக்காரரிடம் மூட்டைக் கணக்குக் கேளுங்கள். ஆடு மேய்ப்பவரையும் விடாதீர்கள். நெற்றைத் தின்று விதையைப் பரப்புவது அவருடைய ஆடுகள்தானே!