கடலுக்குப் போகும் பிள்ளைக்கு எந்தச் சட்டை?

வசந்த காலத்து வெயிலை நம்பாதீர்கள்! தண்ணீரைக் கேளுங்கள்!

மேச்சேரிச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நிற்கும் செம்மறி ஆடுகளின் உடம்பில் கம்பளி இராது. இளம் பழுப்பு நிறம். குட்டையான முடி. தலையில் கொம்பும் கிடையாது.

"செம்மறி ஆடு என்கிறீர்கள், கம்பளியைக் காணோமே?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

சேலத்துச் சமவெளியின் வெயிலில் கம்பளி எதற்கு? குளிர் நாட்டு ஆட்டுக்கு இயற்கை கம்பளியைப் போர்த்தியது. மேச்சேரி ஆட்டுக்கு மெல்லிய முடியைக் கொடுத்தது. இதன் தோலுக்கு நல்ல பெயர் உண்டு. இந்த இனத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஊருக்குத் தக்க உடை! ஆட்டுக்குத் தெரிந்த இந்தப் பாடம் மனிதனுக்குச் சில நேரம் மறந்து விடுகிறது. மறந்தால் உயிருக்கே ஆபத்து வருகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் கடல்.

பெட்டியில் வைத்த கம்பளிச் சட்டை

மேச்சேரியிலிருந்து கடல் வெகு தூரம். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று கடல் தாண்டிப் படிக்கப் போகிறார்கள். அப்படி ஒரு பிள்ளை இங்கிலாந்துக்குப் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். தாய் பெட்டி கட்டுகிறாள்.

"கண்ணு, கம்பளிச் சட்டை ரெண்டு வச்சிருக்கேன். குளிருக்குப் போட்டுக்க."

"சரிம்மா."

"அங்கே தண்ணியிலே கிண்ணியிலே இறங்காதே."

"பங்குனி, சித்திரையிலே அங்கேயும் வெயில் அடிக்கும்மா. பையன்கள் எல்லாம் பலகை வச்சுக்கிட்டு அலை மேலே சறுக்குவாங்களாம். நானும் கத்துக்குவேன்."

பிள்ளை சொல்வது பொய்யல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற கடற்கரை மாவட்டம் இருக்கிறது. அங்கே நியூகே என்ற ஊர் அலைச் சறுக்குக்குப் பேர் போனது. ஏப்ரல் மாதம் அங்கே பூப் பூக்கும். வெயில் இதமாக அடிக்கும். கரையில் நிற்பவனுக்குக் கடலில் குதிக்கலாம் என்று ஆசை வரும்.

ஆனால் அந்தக் கடல் நீரின் வெப்பம் அப்போது ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடுதான்! நம் உடம்பின் வெப்பமோ 37 டிகிரி. சித்திரை மாதத்துச் சென்னைக் கடலில் கால் வைத்துப் பழகியவனுக்கு அது பனிக்கட்டி வைத்த வாளியில் காலை விட்டதுபோல இருக்கும்.

வெயில் ஏன் ஏமாற்றுகிறது?

வெயில் அடிக்கும்போது கடல் மட்டும் ஏன் குளிர்கிறது?

அடுப்பங்கரையில் இதற்கு விடை இருக்கிறது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வையுங்கள். நொடியில் சுட்டுவிடும். பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெகு நேரம் ஆகும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கடல் எத்தனை பெரிய பாத்திரம்! மாரிக் காலத்துக் குளிர் அதை விட்டுப் போக மாதக் கணக்கில் ஆகிறது.

கிணற்றில் குதித்து நீந்திய பையன்களுக்கும் இது தெரியும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அடியில் போனால் சில்லென்று இருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் இன்னொரு விந்தை நடக்கிறது. வசந்த காலத்தில் அங்கே வீசும் காற்று மேல் நீரை அப்பால் தள்ளி விடுகிறது. ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து விடுகிறது. அதனால் சான்பிரான்சிஸ்கோப் பக்கத்தில் வெயில் காலம் நெருங்கும்போது கடல் சில்லிட்டுக் கிடக்கும்!

முதல் ஒரு நிமிடம்!

குளிர் நீரில் திடீரென்று விழுந்தால் என்ன ஆகும்?

முதலில் மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரும் உள்ளே போய் விடும். பிறகு மூச்சு தாறுமாறாக வாங்கும். இதயம் படபடக்கும். முதல் ஓரிரு நிமிடம்தான் பெரிய கண்டம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். அதைத் தாண்டினாலும் சில நிமிடங்களில் கைகால் விறைத்துப் போகும். இன்னும் நேரமானால் உடம்பின் உள்வெப்பமே இறங்கத் தொடங்கும்.

தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்ந்து கொள்கிறது. தாய் கட்டிக் கொடுத்த கம்பளிச் சட்டை இங்கே உதவாது. கம்பளிக்குள் அடைந்திருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கடலில் இறங்கினால் காற்று போய்த் தண்ணீர் புகுந்து விடும். சட்டையும் கல்லாய்க் கனக்கும்.

அப்படித் தவறி விழுந்து விட்டால் ஒன்று நினைவிருக்கட்டும். உடனே நீந்தப் பதறக் கூடாது. மல்லாந்து மிதக்க வேண்டும். மூச்சு சீரான பிறகுதான் நீந்தவோ, கூப்பிடவோ வேண்டும்.

ரப்பரால் ஒரு கம்பளி!

இந்தக் குளிரை வெல்லப் பிறந்ததுதான் 'வெட்சூட்' என்னும் ரப்பர் சட்டை. சட்டை என்றாலும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டி நிற்கும் முழு உடை அது.

முன்பு கலிபோர்னியாவில் அலைச் சறுக்குக்காரர்கள் பழைய கம்பளிச் சட்டைகளைப் போட்டுக் கொண்டு கடலில் இறங்கினார்கள். சற்று நேரத்தில் பல் கிட்டும். கரைக்கு ஓடி வந்து தீ மூட்டிக் குளிர் காய்வார்கள்.

1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிகப் பேராசிரியர் இதை ஆராய்ந்தார். இவர் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். "உடம்பு நனையாமல் இருந்தால்தான் சூடு தங்கும்" என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். "நனைந்தால் என்ன? சட்டையின் உள்ளே காற்றுக் குமிழிகள் அடைபட்டு இருந்தால் போதும்!" என்று இவர் கண்டார். இதற்கு ஏற்ற பொருளும் இருந்தது. அதுதான் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். இட்லியைப் பிட்டுப் பார்த்தால் எத்தனை சின்னச் சின்னத் துளைகள்! இந்த ரப்பருக்குள்ளும் அப்படித்தான். ஆனால் இதன் குமிழிகள் ஒவ்வொன்றும் மூடிக் கிடக்கும். தண்ணீர் புக முடியாது.

சட்டைக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் கசியும். உடம்பு அதைச் சூடாக்கி விடும். ரப்பர் அந்தச் சூட்டை வெளியே விடாது. பிராட்னர் இதற்குக் காப்புரிமை பெறவே இல்லை!

அதே காலத்தில், 1952ஆம் ஆண்டில், ஜாக் ஓநீல் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் அலைச் சறுக்குக் கடை திறந்தார். ரப்பர் சட்டைகளைத் தைத்து விற்று உலகமெங்கும் பரப்பினார். சட்டையின் மகிமையைக் காட்ட என்ன செய்தார் தெரியுமா? தம் குழந்தைகளுக்கே அதை மாட்டி, பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் இறக்கிக் காட்டினார்!

நம் கரையில் என்ன வேண்டும்?

அப்படியானால் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போகிற பிள்ளைக்கும் ரப்பர் சட்டை வாங்க வேண்டுமா?

வேண்டாம்! பணத்தைக் கொட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டின் வங்கக் கடலோரம் பங்குனி, சித்திரையில் தண்ணீரே 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அங்கே தடித்த ரப்பர் சட்டை மாட்டினால் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி போர்த்திய கதைதான். உடம்புச் சூடு வெளியேற வழியின்றி மயக்கம் வரும்.

சென்னை அருகே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012ஆம் ஆண்டில் அலைச் சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவப் பிள்ளைகள் அங்கே பயின்று பந்தயங்களில் வென்றார்கள். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச் சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

நம் கடலில் வேண்டியது உடம்போடு ஒட்டிய, மெல்லிய, நீளக் கை வைத்த பனியன்தான். அது வெயிலைத் தடுக்கும். பலகை உராய்ந்து மார்பும் வயிறும் புண்ணாகாமல் காக்கும். சொறி மீன் பட்டால் தோலுக்கு ஓரளவு மறைப்பாகும். சாதாரணப் பருத்திச் சட்டை ஆகாது. நனைந்தால் தொங்கும், கனக்கும்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். பாம்பன், மண்டபம் பக்கத்துத் தாய்மார்கள் அவர்கள். சேலையின் மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு இறுக்கிக் கொள்வார்கள். பாறை கிழிக்காமல் விரல்களில் துணியைச் சுற்றுவார்கள். கண்ணில் நீர்க் கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பு. கடலுக்குத் தக்க உடையை அனுபவத்தால் அமைத்துக் கொண்டவர்கள் அவர்கள்!

எந்தத் தண்ணீருக்கு எந்தச் சட்டை?

ரப்பர் சட்டையில் '3/2' என்று எண் போட்டிருக்கும். மார்பு, முதுகுப் பக்கம் 3 மில்லி மீட்டர் தடிப்பு. கை, கால் பக்கம் 2 மில்லி மீட்டர் என்று பொருள். நடு உடம்புக்குச் சூடு வேண்டும். கை கால்கள் எளிதாக மடங்க வேண்டும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

பொதுவான கணக்கு இது:

24 டிகிரிக்கு மேல் - ரப்பர் வேண்டாம். மெல்லிய பனியன் போதும்.

19 முதல் 23 வரை - 2 மில்லி மீட்டரில் அரைக் கை, அரைக் கால் சட்டை.

15 முதல் 18 வரை - 3/2 முழுச் சட்டை.

11 முதல் 14 வரை - 4/3 முழுச் சட்டை.

10க்குக் கீழே - 5/4 சட்டை. அதோடு தலைக்கு முக்காடு, கைக்கு உறை, காலுக்கு ரப்பர் பூட்ஸ்.

கார்ன்வாலுக்குப் போகிற பிள்ளை ஏப்ரலில் 5/4 அல்லது 4/3 தேட வேண்டும். சிட்னி நகரத்துக்குப் போகிறவனுக்கு வசந்தம் செப்டம்பரில் வரும். அங்கே 3/2 ஏறத்தாழப் போதும். காற்று பலமாக வீசினாலும், உடம்பு ஒல்லியாக இருந்தாலும் ஒரு படி தடித்தது நல்லது.

'வளரும் பிள்ளை' கணக்கு ஆகாது!

தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது என்ன சொல்வோம்? "வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே தை!" என்போம். ரப்பர் சட்டைக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. பெரிய சட்டைக்குள் புதுத் தண்ணீர் போவதும் வருவதுமாக இருக்கும். உடம்பு சூடாக்கிய தண்ணீர் ஓடிப் போகும். சட்டை போட்டும் போடாத கதைதான்.

கடையில் போட்டுப் பார்க்க வேண்டும். முதுகிலும் இடுப்பிலும் தோலோடு ஒட்ட வேண்டும். கழுத்து அணைந்து நிற்க வேண்டும்; மூச்சை அடைக்கக் கூடாது. இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சுழற்ற வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டும். தோள் இறுகினால் அந்தச் சட்டை வேண்டாம்.

தையலையும் பார்க்க வேண்டும். ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்திருந்தால் தண்ணீர் கசியும். அது இளஞ்சூட்டு நீருக்குத்தான் சரி. குளிர் நீருக்கு ஓரங்களைப் பசை போட்டு ஒட்டி, பாதி ஆழம் மட்டும் ஊசி ஓட்டியிருப்பார்கள். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய பின் பராமரிப்பு எளிது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். வெந்நீரும் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். எப்போதாவது ஒரு நாள் போவதென்றால் வாடகைச் சட்டையே போதும்.

சட்டை செய்யாதது

கொரியாவின் ஜேஜு தீவில் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கி, சங்கும் சிப்பியும் எடுக்கிறார்கள். முன்பு பருத்தி உடையில்தான் இறங்கினார்கள். குளிர் தாங்காமல் சீக்கிரமே கரையேறி நெருப்பருகே உட்காருவார்கள். 1970களில் ரப்பர் சட்டை வந்தது. மணிக் கணக்கில் கடலில் இருக்க முடிந்தது. வருமானம் கூடியது. ஆனால் தலைவலியும் கூடியது! முன்பு குளிர் அவர்களைக் கரைக்கு அனுப்பியது. இப்போது அவர்களாகவே நிறுத்த வேண்டியிருந்தது.

ரப்பர் சட்டை குளிரைத் தடுக்கும். அலையைத் தடுக்காது. கொஞ்சம் மிதக்க வைக்கும்; ஆனால் அது உயிர்காப்பு உடை அல்ல. நீந்தத் தெரியாதவனை அது காப்பாற்றாது. ஆசிரியர் இல்லாமல், துணை இல்லாமல், சிவப்புக் கொடி பறக்கும்போது கடலில் இறங்கவே கூடாது.

ஆகவே பிள்ளை கடல் கடந்து போகும்போது தாய்மார்கள் கம்பளிச் சட்டையைத் தாராளமாகப் பெட்டியில் வைக்கலாம். கரையில் அது உதவும். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்:

"கண்ணு, வெயிலைப் பார்த்து இறங்காதே. தண்ணி எத்தனை டிகிரின்னு கேட்டுட்டு இறங்கு!"

அந்த ஒரு வார்த்தை ஆயிரம் சட்டைக்குச் சமம்.