பட்டிழையும் நரம்பிசையும்: கைப்பேசிவழிச் சுருதி சேர்த்தல்

முன்னுரை

இயல், இசை, நாடகம் என முத்தமிழாய் விரிந்தது நம் மொழி. எனினும் தமிழ்த்துறையில் பயில்வோர் பெரும்பாலும் இயலோடு நின்றுவிடுகின்றனர். சிலப்பதிகாரக் கானல்வரியில், மாதவி யாழ் நரம்புகளைத் தடவி ஆராய்ந்து, பண்ணமைத்த பின்னரே கோவலன் கையில் யாழைத் தருகின்றாள். பண்ணலும் ஆராய்தலும் யாழ்க்கரணம் எட்டனுள் அடங்குவன. பாடுமுன் நரம்பைச் செம்மை செய்தல் அத்துணை இன்றியமையாததாயிற்று. இன்று அப்பணிக்குக் கைப்பேசியில் செயலி வந்துள்ளது. அதன் பயனும் எல்லையும் யாவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். இசை குறித்து நம் சான்றோரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். இங்கு நாம் பேசப்புகுவது ஒலியின் கணக்கே.

அறுந்த தந்தி

முத்தமிழ் விழா ஒத்திகை ஒன்றின்போது மாணவி ஒருவர் வீணைக்குச் சுருதி சேர்க்கச் செயலியைத் திறந்தார். அது கிடாருக்கென அமைக்கப்பட்டிருந்ததை அவர் அறிந்திலர். ‘இன்னும் ஏற்றுக’ எனத் திரை காட்டக் காட்டப் பிரடையைத் திருகினார். சாரணித் தந்தி அறுந்தது. அவர் கண் திரைமேல் இருந்தது. தந்தி வழக்கத்தினும் மிகுதியாகக் கூவியதைச் செவி கேட்கவில்லை. இக்கட்டுரைக்கு வித்து அந்நிகழ்ச்சியே.

செயலி இயங்கும் முறை

தந்தி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றதோ அதுவே அதிர்வெண். அதனை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். கைப்பேசியின் ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றுகின்றது. செயலி அதனை எண்களாக்கி, ஒரே அலைவடிவம் எவ்வளவு கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றது எனக் கணக்கிடுகின்றது. பின்னர், மேலைநாட்டார் 440 ஹெர்ட்ஸ் என வரையறுத்த ‘ஏ’ சுரத்தை அடிப்படையாகக் கொண்ட அட்டவணையோடு ஒப்பிட்டு, ஏற்றத்தாழ்வைச் ‘சென்ட்’ கணக்கில் காட்டுகின்றது. ஒரு ஸ்தாயி 1200 சென்ட் ஆகும்.

வீணைக்குப் பயன்படுத்துவோர் முதற்கண் பன்னிரு சுரங்களையும் காட்டும் பொது அமைப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். நம் இசையில் ஆதார சட்சம் பாடுவோர் குரலுக்கேற்ப அமைவது. அது 2 கட்டை எனக் கொண்டால் சாரணி 146.8, பஞ்சமம் 110, மந்தரம் 73.4, அனுமந்தரம் 55 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அமைதியான இடத்தில், பிற தந்திகளை விரலால் அடக்கி, ஒரு தந்தியை மட்டும் மீட்டுக. தாழ்ந்த நிலையிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றுக. அனுமந்தரத்தின் தாழ்ந்த ஒலியைக் கைப்பேசி முழுமையாகப் பற்றாது, மேல் ஸ்தாயியைக் காட்டுவதும் உண்டு. ஆண்டுச் செவியே சான்று.

பட்டிழைக் கணக்கு

பத்தாம் நூற்றாண்டில் பசுரா நகரில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர் 52 மடல்கள் யாத்தனர். அவற்றுள் ஒன்று இசைபற்றியது. ‘ஊது’ என்னும் நரம்புக்கருவியின் நான்கு நரம்புகளைப் பட்டிழைகளை எண்ணி முறுக்குமாறு அது கூறும்: 64, 48, 36, 27. அடுத்தடுத்த எண்களை வகுத்துப் பாருங்கள். எங்கும் நான்குக்கு மூன்று என்னும் விகிதமே வரக் காண்பீர்கள்.

வீணையின் சாரணிக்கும் பஞ்சமத் தந்திக்கும் உள்ள அதிர்வெண் விகிதமும் நான்குக்கு மூன்றே. பசுராவின் பட்டும் தஞ்சையின் வீணையும் ஒரே கணக்கில் ஒன்றுபடுகின்றன. பட்டுத்தறி ஒலிக்கும் ஆரணி வட்டாரத்தில், பெயரிலேயே சந்தம் கேட்கும் சந்தவாசலில், இதனை எடுத்துரைப்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எங்கே வேறுபடும்?

சட்சத்தையும் பஞ்சமத்தையும் பொறுத்தமட்டில் செயலியின் அட்டவணைக்கும் இயற்கை விகிதத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 சென்ட். அது செவிக்குப் புலனாதல் அரிது. ஆகவே திறந்த தந்திகளைச் சேர்க்கச் செயலியை நம்பலாம். அந்தர காந்தாரத்தின் நிலை வேறு. ஐந்துக்கு நான்கு என்னும் இயற்கை விகிதத்தில் அது 386 சென்ட். செயலியோ 400 சென்டையே சரியெனக் காட்டும். நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் காந்தாரம் அந்த 386-ஐச் சார்ந்தது. பச்சை விளக்கை மட்டும் நம்புவோர் இங்கே 14 சென்ட் பிழைபடுவர்.

தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் செருகும் சிறு நூலுக்கு ‘ஜீவா’ எனப் பெயர். பருத்தி நூலோ பட்டு நூலோ அதற்குப் பயன்படும். அதனை மயிரிழை நகர்த்தினாலும் நாதம் மலரும், அன்றேல் மங்கும். அப்போதும் செயலியின் முள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். அதிர்வெண் மாறாமல் நாதம் மட்டுமே மாறுவதால், அதனை அறிவது செவி ஒன்றே.

முடிவுரை

செயலியைப் பழித்தல் நம் நோக்கமன்று. சுருதிப்பெட்டி வாங்க இயலாத, அருகில் ஆசிரியர் இல்லாத ஊர்ப்புற மாணவருக்கு அது விலையின்றிக் கிடைத்த துணை. ஆனால் துணை ஆசானாகிவிடலாகாது. முதலில் தம்புரா ஒலியைக் கேட்டுச் செவியால் சேர்த்திடுக; பின்னர்ச் செயலியால் சரிபார்த்திடுக. இம்முறையை நாள்தோறும் பின்பற்றினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து வருவதைக் காணலாம். வரிசையை மாற்றினால் செவி வளராது. கைப்பேசி அணைந்த நாளில் கலையும் அணைந்துவிடும்.

பாவின் இறுக்கத்தை விரலால் தொட்டே அறியும் நெசவாளர் பெருமக்கள் நம்மூரில் உள்ளனர். அவ்விரலறிவு பழக்கத்தால் வந்தது. அவர்தம் பிள்ளைகள் அத்தகைய அறிவைச் செவிக்கும் தேடிக்கொள்வாராயின், இசைத்தமிழ் நம் வகுப்பறைக்குள்ளும் மீண்டு வரும் என்பது நம் துணிபு.